எங்கள் குசினியில் நடந்த அமைச்சு

2009ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் எங்கள் மகள் பல்கலைக்கழகத்துக்கென்று மான்செஸ்டருக்குப் போனாள். அவள் போன மூன்றாம் நாள் அவளுடைய அறைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் கணவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், பிறகு அந்தச் சொல்லை மீறுவது கஷ்டமாகியிருக்கும்.

நான் அப்போது தென் லண்டனில் ஒரு கல்லூரியின் வரவேற்பு மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வெளிநாட்டு அரசாங்க அதிகாரிகளுக்கு அங்கே நிர்வாகப் பயிற்சிகள் நடக்கும். அந்த முறை பன்னிரண்டு வாரப் பயிற்சி. வந்தவர்களுக்கு விடுதியில் ஓர் அறை குறைந்துவிட்டது. அறை கிடைக்காமல் நின்றவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண். பெரிய உடம்பு, தூக்கிக் கட்டிய கூந்தலில் ஒரு மரச்சீப்பு. வேறு யாராக இருந்தாலும் முறைப்பாடு எழுதக் கடதாசி கேட்டிருப்பார்கள். அவர் என் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அவசரமில்லை. நான் ஒரு கப்பலுக்காகக் கடற்கரையில் பதினேழு நாள் காத்திருந்த ஆள்," என்றார். எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் பசிபிக் சமுத்திரத்தில் உள்ள ஒரு தீவு நாட்டிலிருந்து வந்திருந்தார். நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆளையும் சொன்னதாகிவிடும், ஏனென்றால் அவருடைய அமைச்சில் மொத்தம் ஆறு பேர்தான் வேலை செய்தார்கள். தலைநகர் இருக்கும் தீவிலிருந்து வெகுதூரத்தில் சிதறிக் கிடக்கும் சின்னத் தீவுகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே அந்த அமைச்சு இருந்தது. அமைச்சருக்கு அடுத்த செயலாளருக்கு அடுத்த இடம் இவருக்கு. எங்கள் இருவரையும்விட ஏழெட்டு வயது மூத்தவர் என்றபடியால் முதல் நாளே "அக்கா" என்று கூப்பிடத் தொடங்கினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். "இதற்கு எங்கள் பாஷையிலும் ஒரு சொல் உண்டு, ஆனால் இது சுகமாக இருக்கிறது," என்று வைத்துக்கொண்டார்.

என் கணவர் அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்து, குசினிக்குள் ஒரு புது ஆள் வெறுங்காலோடு நின்று கருவாட்டை மணந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். என்னைப் பின்கதவுப் பக்கம் கூப்பிட்டார்.

"ஆர் இது?"

"மகளின்ர அறைக்கு வந்திருக்கிறா. மூண்டு மாசம்."

"நீர் என்னைக் கேக்கேல்லை."

"கேட்டா நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருப்பியளோ?"

அவர் கை கழுவப் போனார்.

அவர் அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம் எங்கள் வீடு பேச்சு மறந்த வீடாகிப்போயிருந்தது. சித்திரையிலும் வைகாசியிலும் எல்லோரையும் போல நாங்களும் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். வைகாசி நடுவுக்குப் பிறகு அங்கே போய் நின்று கேட்பதற்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. என் கணவரின் தமையன் குடும்பம் வவுனியாவில் முள்ளுக்கம்பிக்குள் முகாமில் இருந்தது. உயிரோடு இருக்கிறார்கள் என்பதே ஆடி மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது. இவர் காலையில் வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். வீடுகளுக்கு பொயிலர் பூட்டுவதும் திருத்துவதும் அவர் தொழில். ஜெர்மனியில் எட்டு வருடம் இருந்து பழகிய தொழில். வாடிக்கையாளர் வீட்டில் நன்றாகக் கதைப்பார் என்று கேள்வி. எங்கள் வீட்டில் அந்தக் கதை இல்லை.

அக்கா கொண்டுவந்தது ஒரு சின்னப் பெட்டியும் நீளமாகச் சுருட்டிய ஒரு வரைபடமும்தான். வரைபடத்தைக் குசினிச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டார். ஒட்டினோம். முழுக்க நீலம். ஈ குந்திவிட்டுப் போன மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, "தீவுகள் எங்கை?" என்று என்னிடம் கேட்டார். அக்காவுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. எழுந்து போய் ஒவ்வொரு புள்ளியிலும் விரலை வைத்து அங்கே எத்தனை குடும்பம், எத்தனை தண்ணீர்த் தொட்டி, ஆசிரியர் யார் என்று சொல்லத் தொடங்கினார். சோறு ஆறும்வரை சொன்னார்.

எங்களுக்குக் காலை ஏழு மணி என்றால் அங்கே பின்னேரம் ஆறு மணி. அந்த நேரத்தில் அமைச்சில் ஓர் எழுதுவினைஞர் அக்காவின் தொலைபேசிக்காகக் காத்திருப்பார். தீவுகளிலிருந்து வானொலிக் கருவியில் அன்று வந்த சங்கதிகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். அக்கா ஒரு கையில் தொலைபேசியும் மறுகையில் தேத்தண்ணீருமாக நிற்பார். எழுதுவதற்கு மூன்றாவது கை இல்லாதபடியால் அது என் வேலையாயிற்று. மகள் விட்டுப்போன பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் அக்கா திருப்பிச் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதுவேன். ஒரு தீவில் பாடசாலைக் கூரைக்குத் தகரம் வேண்டும். இன்னொன்றில் பன்றிகள் வேலியை உடைத்துவிட்டன, யாருடைய பன்றி என்று தலைநகரம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆசிரியை ஒருவருக்கு ஆறு மாதம், பிள்ளை பிறக்கமுன் தாய் வீட்டுக்கு வரவேண்டும். ஆகத் தூரத்துத் தீவுக்குக் கோதுமை மா, சீனி, மருந்து, கிற்றார் கம்பி ஒரு கட்டு.

"கிற்றார் கம்பியுமா அமைச்சு குடுக்கிறது?" என்று கேட்டேன்.

"கடை இல்லாத இடத்தில் கடையும் நாங்கள்தான்," என்றார் அக்கா. "அதை மேலே எழுதுங்கள். எப்போதும் ஆகத் தூரத்துத் தீவைத்தான் முதலில் எழுத வேண்டும். கிட்ட இருக்கிறவர்கள் அலுவலகத்துக்கே வந்து சத்தம் போடுவார்கள். தூரத்தில் இருக்கிறவர்களின் சத்தம் கேட்காது."

இரண்டாவது கிழமை ஒரு காலை, அக்கா குளித்துக்கொண்டிருந்த நேரம் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. என் கணவர் பெனியனோடு, வாயில் பாண் துண்டோடு எடுத்தார். மறுபக்கத்தில் ஆண் குரல். "நான் அமைச்சர் பேசுகிறேன்," என்றதாம். இவர் யாரோ பகிடி விடுகிறான் என்று நினைத்து, "ஓம், நான் பிரதமர்," என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, லண்டனில் குளிரா என்று கேட்டாராம். இவரும் குளிர் என்றாராம். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு பொயிலர் திருத்துகிறேன் என்று பதில். அக்கா ஈரக் கூந்தலோடு ஓடி வந்தபோது பொயிலர் என்றால் என்ன என்று இவர் அமைச்சருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் குளிர் என்பதே இல்லை. வீட்டைச் சூடாக்க ஒரு இயந்திரம் வேண்டும் என்பதை அமைச்சர் கடைசிவரை நம்பவில்லை என்று அக்கா பிறகு சொன்னார்.

லூயிஷாம் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கடை ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை அங்கே அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஈரப்பலாக்காய் பெட்டியைக் கண்டதும் அக்கா ஒரு காயை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்காரரிடம், "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். கடைக்காரர், "கொழும்பிலயிருந்து அக்கா," என்று தமிழிலேயே சொன்னார். அக்கா "ஓம் ஓம்" என்றார். ஓம் என்ற சொல்லை அதற்குள் பிடித்துவிட்டிருந்தார். அன்று அவர் அதை நெருப்பில் சுட்டுத் தேங்காய்ப்பாலில் தோய்த்துத் தந்தார். நான் மெல்லிசாகச் சீவிப் பொரித்து மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தேன். என் கணவர் இரண்டையும் சாப்பிட்டார். எது நல்லது என்று சொல்ல மறுத்துவிட்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில்தான் அவர் அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆகத் தூரத்துத் தீவைக் காட்டி, "அங்கே எத்தனை பேர்?"

"நூற்றுச் சொச்சம்."

"நூற்றுச் சொச்சம் சனத்துக்கு அரசாங்கம் ஒரு கப்பல் விடுகிறதா?" அவர் ஆங்கிலத்தில் கேட்டாலும் குரலில் எங்கள் ஊர்க் கசப்பு இருந்தது. "அவர்களைப் பெரிய தீவுக்கு வரச்சொன்னால் என்ன?"

"கேட்டோம்," என்றார் அக்கா. "வரமாட்டோம் என்றார்கள். அதனால் நாங்கள் போகிறோம்."

அவ்வளவுதான் பதில். என் கணவர் எழுந்து, தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அப்படி ஒரு காரியம் எங்கள் வீட்டில் அடிக்கடி நடப்பதில்லை.

ஐப்பசி நடுவில் ஒரு காலை அக்கா தொலைபேசியை வைத்துவிட்டுத் தேத்தண்ணீரை வாயில் வைக்காமல் நின்றார். கப்பல் நின்றுவிட்டது. அமைச்சிடம் இருந்தது ஒரே ஒரு கப்பல், நாற்பது வருடத்துக்கு மேல் பழையது, பிரித்தானியாவில் கட்டியது. சாமான் எல்லாம் ஏற்றியாயிற்று. புறப்படுகிற அன்று என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர்ப் பம்ப் உடைந்துவிட்டது. அந்தப் பம்பைச் செய்த கொம்பனி எப்போதோ மூடிப்போயிற்று. புதிதாக ஒன்று செய்து அனுப்ப மூன்று மாதமாகும் என்று அவுஸ்திரேலியாவில் இருந்த முகவர் சொல்லிவிட்டார். தூரத்துத் தீவில் மா முடியப்போகிறது. அதைவிட அவசரம், அங்கே பதினொரு பிள்ளைகள் பரீட்சைக்காகத் தலைநகருக்கு வர வேண்டும். பரீட்சை கார்த்திகைக் கடைசியில். தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

"வேற கப்பல் வாடகைக்கு எடுக்கேலாதோ?" என்று நான் தமிழிலேயே கேட்டுவிட்டேன். அக்கா விளங்கியது போல இல்லையென்று தலையை ஆட்டினார். அந்தப் பக்கம் போகிற வேறு கப்பலே இல்லை.

என் கணவர் வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு சப்பாத்தோடு குசினிக்குள் வந்தார்.

"என்ன பம்ப்?"

"கப்பல் பம்ப்," என்றேன்.

"கப்பல் பம்ப் எண்டு ஒண்டில்லை. தண்ணியைத் தள்ளுறதெல்லாம் பம்ப்தான். படம் எடுத்து அனுப்பச் சொல்லும்."

படம் வர இரண்டு நாள் ஆயிற்று. என் கல்லூரிக் கணினியில் அச்சடித்துக் கொண்டுபோனேன். இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒரு மணித்தியாலம் பார்த்தார். பம்பின் உடம்பு நன்றாக இருக்கிறது, உள்ளே தண்டும் விசிறியும் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் சீலும்தான் போய்விட்டன என்றார். அளவு கேட்டார். கப்பலில் இருந்த மெக்கானிக் அளந்து சொன்னார். எல்லாம் அங்குலம். ஜெர்மனியில் தொழில் பழகிய மனிதருக்கு அங்குலம் என்றால் பாவற்காய். "எட்டில மூண்டு, பதினாறில ஏழு. இதென்ன அளவோ, இல்லாட்டிப் பலகாரம் பங்கு வைக்கிறதோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு பேப்பரில் மில்லிமீற்றராக்கினார். பல மாதத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் முணுமுணுத்ததைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து தொலைபேசியோடு உட்கார்ந்தார். பழைய கப்பல் என்ஜின் உடைக்கிறவர்கள், படகு திருத்துகிறவர்கள் என்று ஒருவர் இன்னொருவரின் இலக்கத்தைக் கொடுத்தார். கடைசியில் தேம்ஸ் நதி கடலோடு சேருகிற பக்கம், கென்ட்டில் ஒரு கிழவர் பழைய இழுவைப் படகுகளின் சாமான் வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. சனிக்கிழமை மூவரும் இவர் வேலைக்கு ஓட்டுகிற வானில் போனோம். முன்னால் மூன்று இருக்கை. நடுவில் நான், மடியில் இடியப்பப் பார்சல்.

கிழவரின் இடம் சேற்றுக் கரையில் இருந்தது. தகரக் கொட்டகை, சுற்றிவரத் துருப்பிடித்த இரும்பு. ஆள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பொயிலர்காரன், சேலைக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்ட ஒரு பெண், மழையிலும் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு சேற்றில் நடந்து வந்த இன்னொரு பெண்.

"யாருடைய கப்பல்?" என்றார்.

"என் அமைச்சினுடையது," என்றார் அக்கா.

"எத்தனை கப்பல் இருக்கிறது உங்களிடம்?"

"ஒன்று."

கிழவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கொட்டகைக்குள் போனார். உள்ளே இரும்பு உருள்கிற சத்தம் அரை மணித்தியாலம் கேட்டது. திரும்பி வரும்போது ஒரு பம்பைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி வந்தார். பதினாறு வயதில் இதே வகை என்ஜினில்தான் தொழில் தொடங்கினாராம். பசிபிக்கில் அது இன்னும் ஓடுகிறது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஓடுகிற என்ஜினின் படம் ஒன்று அனுப்ப வேண்டும் என்று அக்காவிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டார். உறைப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டே இன்னொன்று எடுத்தார்.

வீட்டுக்கு வந்து பேப்பர் விரித்துக் குசினி மேசையில் பம்பை வைத்தோம். என் கணவர் படத்தையும் பம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"பிழைச்சுப் போச்சு."

"என்ன?"

"அவையின்ர பம்பில தண்ணி வலப்பக்கத்தால வெளிக்கிடுது. இது இடப்பக்கத்தால, விசிறி சுத்துறதும் மற்றப் பக்கம். இதைக் கொண்டுபோய்ப் பூட்டேலாது."

இதை ஆங்கிலத்தில் அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் எங்கள் முகத்திலேயே வாசித்துவிட்டார். "சரி," என்றார். கதிரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனுஷி சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. நான் தேத்தண்ணீர் போட எழும்பினேன். என் கணவர் எழும்பவில்லை. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். மூடியை எடுத்து உள்ளே இருந்த விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார். திரும்ப மற்றப் பக்கமாகச் சுற்றினார்.

"இஞ்சேரும், இதைப் பாரும். விசிறியின்ர இலை நேரா இருக்கு. வளைவில்லை. நேரான இலைக்கு எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒண்டுதான்."

"அதுக்கு?"

"இதின்ர குடலைக் கழட்டி அவையின்ர உடம்புக்குள்ள வைக்கலாம். உடம்பு அங்கை நல்லாத்தானே இருக்கு."

நான் அக்காவிடம், "குடல் மாற்று சத்திரசிகிச்சை," என்றேன். சிரித்தார். பிறகு எழுந்து வந்து என் கணவரின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். சீல் மட்டும் பழையது, அதற்கு அதே அளவில் ரப்பர் வளையம் ஒன்றை இவர் தன் பொயிலர் சாமான் கடையிலிருந்தே எடுத்தார். அங்குலக் கப்பலுக்கு மில்லிமீற்றர் வளையம் கிடைத்துவிட்டது என்பதில் அவருக்கு ஒரு தனித் திருப்தி.

அடுத்தது அனுப்புவது. அக்காவின் நாட்டுத் தாதி ஒருவர் லண்டனில் வேலை செய்தார். தம்பியின் கலியாணத்துக்காகச் செவ்வாய்க்கிழமை ஊர் போகிறார் என்று அக்கா அறிந்துவைத்திருந்தார். இரும்புச் சாமானை விமான நிலையத்தில் மறிக்காமல் இருக்க ஒரு கடிதம் வேண்டும். நான் கல்லூரியில் தட்டச்சு செய்து கொண்டுவந்தேன். கடிதத்துக்கு அரசாங்க முத்திரை இல்லையே என்று யோசித்தபோது, அக்கா கைப்பையைத் திறந்து ஒரு ரப்பர் முத்திரையை எடுத்து, மூச்சால் ஊதி, கடிதத்தில் பலமாகக் குத்தினார். அமைச்சின் ஒரே முத்திரை.

"இதை இங்கே கொண்டுவந்தால் அங்கே என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன்.

"அங்கே வைத்தால் கண்டதுக்கெல்லாம் குத்துவார்கள். இருபது வெற்றுத் தாளில் குத்திக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்," என்றார். இதில் உள்ள முரண் அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் அப்படிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பம்பின் குடல் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு மெக்கானிக் கப்பலில் இருந்து பேசினார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம். என் கணவருக்கு நுணுக்கமான தொழில் விஷயம் தமிழிலோ ஜெர்மனிலோதான் வரும். அதனால் இவர் எனக்குத் தமிழில் சொன்னார், நான் அக்காவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், அக்கா மெக்கானிக்குக்குத் தங்கள் பாஷையில் சொன்னார்.

"முதல் தண்டைத் துடைக்கச் சொல்லும். ஒரு பொட்டு உப்பும் இருக்கக் கூடாது."

பதில் அதே பாதையால் திரும்பி வந்தது. துடைத்தாயிற்று, சட்டையால்.

"சட்டையாலயோ? நூல் ஒட்டும். நல்ல சீலையால திரும்பத் துடைக்கச் சொல்லும். ரப்பருக்கு எண்ணெய் பூச வேண்டாம், ஊதிப்போடும். சவர்க்காரத் தண்ணி பூசச் சொல்லும்."

மறுபக்கத்தில் ஆட்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அக்கா சொன்னார்: "கப்பலில் கப்டனின் சவர்க்காரம் மட்டும்தான் இருக்கிறதாம். வாசனைச் சவர்க்காரம். பரவாயில்லையா என்று கேட்கிறார்."

"மல்லிகைப்பூ வாசமெண்டாலும் பரவாயில்லை," என்றார் இவர். இதை நான் எப்படியோ மொழிபெயர்த்தேன். சமுத்திரத்துக்கு அப்பால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

கால் மணித்தியாலம் போனபின் இவருக்குப் பொறுமை போய்விட்டது. தொலைபேசியை அக்காவின் கையிலிருந்து வாங்கினார். "நௌ, ஸ்லோ. லெப்ட். டைட்," என்றார். மறுபக்கத்திலிருந்து, "லெப்ட். டைட். ஓகே," என்று வந்தது. "நோ போர்ஸ்." "நோ போர்ஸ்." அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் நாங்கள் தேவைப்படவில்லை. அக்காவும் நானும் ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்து பாண் சாப்பிட்டோம்.

கடைசியில் என்ஜினை இயக்கினார்கள். மெக்கானிக் தொலைபேசியை என்ஜின் பக்கம் பிடித்தார். எங்கள் தொலைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டோம். குசினி முழுக்கத் தடதடவென்று சத்தம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் கண்ணை மூடி, பொயிலருக்குக் காது கொடுப்பது போலக் கேட்டார்.

"ஒழுக்கில்லை. ஒழுகினா வேற சத்தம் வரும்," என்றார். அன்று வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போனார்.

கப்பல் மறுநாளே புறப்பட்டது. அது எங்கே போகிறது என்று அக்கா ஒவ்வொரு காலையும் சொன்னார். இவர் வேலைக்குப் போகமுன் கேட்டுவிட்டுப் போனார். கார்த்திகை முதல் கிழமை ஆகத் தூரத்துத் தீவிலிருந்து வானொலிச் செய்தி வந்தது. எழுதுவினைஞர் வாசிக்க, அக்கா எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "கப்பல் வந்தது. நன்றி. மா வந்தது, சீனி வந்தது, மருந்து வந்தது. பிள்ளைகள் பதினொரு பேரும் ஏறிவிட்டார்கள். கிற்றார் கம்பி வந்தது, ஆனால் மூன்றாம் கம்பி இல்லை. அமைச்சு கவனிக்கவும்."

என் கணவர் சிரித்தார். தேத்தண்ணீர் மூக்கால் வருமளவுக்கு, கண்ணில் தண்ணீர் முட்டுமளவுக்கு, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வருடத்தில் நான் கேட்ட அவருடைய முதல் சிரிப்பு அது. அக்காவுக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. அன்று மதியம் கல்லூரி இடைவேளையில் இசைக்கருவிக் கடைக்குப் போய் மூன்றாம் கம்பியில் ஆறு வாங்கினேன்.

பிள்ளைகள் பதினொரு பேரும் நேரத்துக்குப் பரீட்சை எழுதினார்கள். கப்பல் ஆட்டத்தில் வழியெல்லாம் சத்தி எடுத்தார்களாம், ஆனாலும் எழுதினார்கள். மார்கழி தொடக்கத்தில் என் கணவரின் தமையன் குடும்பத்தையும் முகாமிலிருந்து விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்து பேசினார்கள். அந்தத் தொலைபேசி வந்தபோது அக்காவும் குசினியில் இருந்தார். ஒரு சொல்லும் விளங்காமலே எங்களோடு சேர்ந்து அழுதார், பிறகு எல்லோருக்கும் முட்டை பொரித்தார்.

பயிற்சி முடிந்து அவர் புறப்பட்டபோது ஹீத்ரோவுக்கு வானில் கொண்டுபோய் விட்டோம். பெட்டியில் கிற்றார் கம்பியும், இரண்டு உபரி ரப்பர் வளையமும், அரைக் கிலோ மிளகாய்த்தூளும் இருந்தன.

"தம்பி, கப்பல் திரும்ப நின்றால் போன் எடுப்பேன்," என்றார் என் கணவரிடம். 'தம்பி' என்பதை மட்டும் தமிழில் சொன்னார்.

"எடுங்கோ அக்கா. காலமையில எடுங்கோ," என்றார் இவர், முழுவதையும் தமிழில்.

இந்தக் கதை எப்படியோ கோயிலுக்குப் போய்விட்டது. நான் ஒருவரிடம் மட்டும்தான் சொன்னேன். தைப்பொங்கலுக்கு முன்னால் மோர்டன் பக்கத்து ஆட்கள் இவர் ஒரு கப்பலைத் திருத்தினார் என்று பேசிக்கொண்டார்கள். அது லண்டனின் மறுபக்கம் செவன் கிங்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது இவர் இரண்டு வருடம் கப்பலில் பிரதம என்ஜினியராக இருந்தவர் என்றாகிவிட்டது. ஒரு நாள் அங்கேயிருந்து ஒரு முதியவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கள் கப்பல் என்ஜின் எல்லாம் திருத்துறனீங்களாம். எங்கட வீட்டு பொயிலர் ஒண்டு மூண்டு நாளா வேலை செய்யேல்லை. உங்களுக்கு அது சின்ன வேலைதான், வந்து பாப்பியளோ?"

இவர் மறுத்துப் பேசவில்லை. "வாறன் ஐயா," என்று சொல்லி விலாசத்தைக் குறித்துக்கொண்டு, சாமான் பெட்டியைத் தூக்கி வானில் வைத்தார்.